கொலஸ்ட்ராலின் வரலாறு: பெரம்பூர், திருமங்கலம் வழியாக ஒரு பாடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

சில மாதங்களாக என் வாட்ஸ்அப்புக்கு வருவதில் பாதி, ரத்தப் பரிசோதனை அறிக்கைகளின் போட்டோ. "டீச்சர், எல்.டி.எல். 168 வந்திருக்கு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார். போட்டுக்கலாமா?" என்று ஒருவர். "பெரியம்மா, இந்த மாத்திரையை ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே" என்று இன்னொருவர். இவற்றோடு, யாரோ அனுப்பிய ஃபார்வர்டுகள். கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை என்று ஒன்று. மூன்று நாள் பூண்டுச் சாறு குடித்தால் ரத்தக்குழாய் சுத்தமாகிவிடும் என்று இன்னொன்று.

நான் மருத்துவர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சிறு வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவள். உங்களுக்கு மாத்திரை வேண்டுமா, எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் வரலாறு எனக்குப் பிடித்த பாடம். இந்தச் செய்திகளெல்லாம் யார் கண்டுபிடித்தது, எப்படிக் கண்டுபிடித்தது, எங்கே தடுமாறியது என்று தெரிந்துகொண்டால், எந்த ஃபார்வர்டை நம்புவது, எதை அழிப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். அதனால்தான் இந்தப் பாடம். இதில் நம் பெரம்பூரும் வருகிறது, ஆவடியும் வருகிறது, திருமங்கலமும் வருகிறது.

1. பித்தக் கல்லில் தொடங்கிய கதை

கொலஸ்ட்ராலை முதலில் ரத்தத்தில் கண்டுபிடிக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பித்தப்பைக் கற்களை ஆராய்ந்தபோதுதான் மெழுகு போன்ற இந்தப் பொருள் கிடைத்தது. 1815-இல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'கோலே' என்றால் பித்தம், 'ஸ்டீரியோஸ்' என்றால் திடமானது. பித்தத்தில் உறைந்த திடப்பொருள் என்று அர்த்தம்.

இது விஷம் இல்லை, பிள்ளைகளே. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் இது இருக்கிறது. வைட்டமின் டி-யும் பல ஹார்மோன்களும் இதிலிருந்துதான் உருவாகின்றன. ஆகவே உடம்பு சாப்பாட்டை நம்பிக் காத்திருப்பதில்லை. பெரும்பகுதியைக் கல்லீரல் முதலான உறுப்புகள் தாமே தயாரித்துக்கொள்கின்றன. "நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படி கொலஸ்ட்ரால் வரும்?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். தொழிற்சாலை உங்கள் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

1910-இல் விண்டாஸ் என்ற ஜெர்மானியர், நோயுற்ற ரத்தக்குழாயின் படிவுகளில் சாதாரணக் குழாயில் இருப்பதைவிட 20 மடங்குக்கும் மேல் கொலஸ்ட்ரால் இருப்பதைக் காட்டினார். 1913-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர், கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். முயல்களின் ரத்தக்குழாய்களில் மனிதருக்கு வருவதைப் போலவே படிவு வந்தது. வெறும் எண்ணெய் கொடுத்த முயல்களுக்கு வரவில்லை.

ஆனாலும் உலகம் அதை உடனே ஏற்கவில்லை. எலிக்கும் நாய்க்கும் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. முயல் புல் தின்னும் பிராணி, அதற்கு ஒத்துக்கொள்ளாததைக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும் என்று ஒதுக்கிவிட்டார்கள். அது நியாயமான சந்தேகமும்கூட. மனிதர்களிடம் பார்க்காமல் மனிதர்களைப் பற்றி எப்படிச் சொல்வது?

2. ஊரையே எண்ணியவர்களும் பஸ் கண்டக்டரும்

அந்தக் கேள்விக்கு விடை தேடி 1948-இல் அமெரிக்காவில் ஃப்ராமிங்காம் என்ற சிற்றூரில் 5,209 ஆண் பெண்களைப் பதிவு செய்தார்கள். யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று காத்திருந்தார்கள். 1961-இல் வந்த முடிவு, கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் அதிகமுள்ளவர்களுக்கே மாரடைப்பு கூடுதலாக வருகிறது என்றது. இன்று டாக்டர் "ரிஸ்க் ஃபேக்டர்" என்று சொல்கிறாரே, அந்தச் சொல் அந்த ஊரிலிருந்து புழக்கத்துக்கு வந்ததுதான்.

இதே காலத்தில் லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் வேறொரு கணக்குப் போட்டார். அங்கே ஓடிய மாடி பஸ்களில் டிரைவர், கண்டக்டர் இருவரும் ஒரே குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள், ஒரே நிறுவனத்தில் வேலை. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஒரு நாளைக்கு 500 படிகளுக்கு மேல் ஏறுவார். 1953-இல் வெளியான அந்த ஆய்வில், கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தாலும் டிரைவர்களைவிடப் பிந்திய வயதில் வந்தது. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

நம் 40-ஆம் நம்பர் பஸ்ஸில் நெரிசலில் நீந்தி டிக்கெட் கொடுத்த கண்டக்டர் அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். உதாரணம் மறக்காது.

3. நம்மவர் கணக்கு: சிங்கப்பூரும் ரயில்வேயும்

இதெல்லாம் வெள்ளைக்காரர் நோய், நமக்கென்ன என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்தார்கள். அது தவறு என்று முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர் ஒரு தமிழர். டாக்டர் டி.ஜே. தனராஜ், பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானவர். சிங்கப்பூரில் 1950 முதல் 1954 வரை நடந்த பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகளை அவரும் சக மருத்துவர்களும் அலசி 1959-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதே ஊர்க் காற்று, அதே ஊர்த் தண்ணீர். ஆனால் சீனர்களைவிட இந்தியர்களிடம் இதய ரத்தக்குழாய் நோய் பல மடங்கு அதிகம். சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது நம் ரயில்வே. எஸ்.எல். மல்ஹோத்ரா என்பவர் ரயில்வே மருத்துவ அதிகாரி. நாடு முழுவதும் உள்ள ரயில்வே ஊழியர்களின் இறப்புப் பதிவுகளை மண்டலவாரியாகப் பிரித்துப் பார்த்து, 1967-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். தென்னிந்திய ஊழியர்களிடையே மாரடைப்பு மரணம், பஞ்சாப் பக்கத்து ஊழியர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கு அதிகம் என்பது அவர் கண்டது. ஆச்சரியம் என்னவென்றால், நெய்யும் பாலும் அதிகம் சாப்பிட்டவர்கள் வடக்கத்திக்காரர்கள்.

"நெய் நல்லது, மாத்திரை கெட்டது" என்று சொல்லும் ஃபார்வர்டுகள் இன்றைக்கும் இந்த ஆய்வைத்தான் தூக்கிக்கொண்டு வருகின்றன. வகுப்பில் நான் சொல்வேனே, நினைவிருக்கிறதா? இரண்டு விஷயங்கள் சேர்ந்து இருப்பதாலேயே ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிடாது. பஞ்சாபில் கோதுமை, இங்கே தீட்டிய அரிசி. வேலை வேறு, தட்பவெப்பம் வேறு, பரம்பரை வேறு. இத்தனை வித்தியாசத்தில் நெய்யை மட்டும் பிரித்தெடுத்து அதற்கு மாலை போட முடியாது. அந்த ஆய்விலிருந்து நாம் உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, ஒல்லியாக இருந்த, இட்லி சாம்பார் சாப்பிட்ட தெற்கத்தி ஊழியர்களுக்கு மாரடைப்பு வந்துகொண்டிருந்தது.

அந்த ரயில்வேயின் மருத்துவமனை நம் பெரம்பூரில்தான் இருக்கிறது. 1975-இல் டாக்டர் கே.எம். செரியன், இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய பைபாஸ் அறுவை சிகிச்சையை அங்கேதான் செய்தார். வில்லிவாக்கத்திலும் அம்பத்தூரிலும் இருந்த ரயில்வே குடும்பங்கள் அந்த மருத்துவமனையைப் பெருமையோடு பேசும். செரியன் 2025 ஜனவரியில் காலமானார். பைபாஸ் என்பது அடைத்த குழாயைச் சுற்றி மாற்றுப்பாதை போடுவது. அடைப்பு ஏன் வந்ததோ அந்தக் காரணம் உடம்பில் அப்படியேதான் இருக்கும். அதனால் அறுவை முடிந்தபிறகும் உணவு, நடை, மாத்திரை மூன்றும் வேண்டும்.

4. நம் ஊர் உட்கார்ந்த கதை

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதே ஆண்டு அக்டோபர் 2-இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அதற்கு முன்பே டி.ஐ. சைக்கிள், பிறகு டன்லப் என்று ஒவ்வொன்றாக வந்து, ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் தொழிலாளர் ஊர்களாயின.

அந்த நாட்களில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் கேட்டிலிருந்து சைக்கிள் வெள்ளம் புறப்படும். உங்களில் பலரின் அப்பாக்கள் அதில் வந்தவர்கள். திருநின்றவூரிலிருந்து ஆவடிக்கு, பட்டாபிராமிலிருந்து அம்பத்தூருக்கு, தினம் போக வர மிதிப்பார்கள். உள்ளே எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. அவர்களை யாரும் "ஒர்க் அவுட் செய்" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. பிறகு ஸ்கூட்டர், பைக், இப்போது செயலியில் கூப்பிட்டால் வாசலுக்கு வரும் ஆட்டோ. சைக்கிள் செய்து நாட்டுக்கே அனுப்பிய அம்பத்தூரில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தொழிற்பேட்டையில் பாதி இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். அப்பா நின்ற இடத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான், ஒன்பது மணி நேரம். இது உங்கள் குற்றமில்லை. வேலையின் தன்மையே மாறிவிட்டது.

சமையலறையும் மாறியது. 1937-இல் டால்டா வந்தது. நெய்யின் ஏழைத் தம்பி என்று கல்யாண வீடெல்லாம் புகுந்தது. தாவர எண்ணெயை உறைய வைக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும் என்று பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 2022 ஜனவரி முதல்தான் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புப் பொருட்களில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

2007 முதல் ரேஷன் கடையில் துவரம்பருப்போடு பாமாயிலும் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய உதவி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கும். பருப்பை வாங்கிக்கொள்ளுங்கள். பாமாயிலில் தினமும் வடை சுடாதீர்கள்.

இன்னொன்று. எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. "எங்கள் தண்ணீர் ஈரமானது" என்று விளம்பரம் செய்வது மாதிரிதான் அது.

5. திருமங்கலத்துப் பூங்கா

இப்போது சொல்லப்போவது நம் பக்கத்து ஊர்க் கதை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1996-97-இல் டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் இரண்டு குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்து வீடு வீடாக ஆய்வு செய்தார்கள். ஒன்று, அண்ணா நகர் மேற்கு, திருமங்கலம் பக்கம் உள்ள நடுத்தர வருமானக்காரர்களின் ஏசியாட் காலனி. மற்றொன்று, தி. நகரில் குறைந்த வருமானக்காரர்கள் வாழும் பகுதி. இருபது வயதுக்கு மேற்பட்ட 1,262 பேர் கலந்துகொண்டார்கள். ரத்தம், ரத்த அழுத்தம், இ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள். நூற்றுக்கு 11 பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. கெட்ட கொலஸ்ட்ரால் கூடக்கூட நோயும் கூடியது. வசதி உள்ள காலனியில்தான் சர்க்கரையும் கொழுப்பும் அதிகம்.

அதோடு விட்டிருந்தால் அது இன்னொரு ஆராய்ச்சிக் கட்டுரை, அவ்வளவுதான். முடிவுகளைக் காலனிக்காரர்களிடமே எடுத்துச் சொன்னார்கள். நடக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். "நடக்கச் சொல்கிறீர்கள், எங்கே நடப்பது?" என்ற கேள்வி எழுந்தது. அந்தக் காலனி மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். முதல் ஆய்வின்போது, வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 14.2 பேர். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது 58.7 பேர். 2006-இல் இது மருத்துவ இதழில் வெளியானது.

கதையின் அடுத்த பாகத்தையும் சொல்ல வேண்டும். பத்தாண்டு கழித்து இரண்டு பகுதிகளையும் மறுபடி ஆராய்ந்தார்கள். நடுத்தரக் காலனியில் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆகியிருந்தது. குறைந்த வருமானப் பகுதியில் 6.5-லிருந்து 15.3 ஆகிவிட்டது. இரண்டும் சமமாகிவிட்டன. இது சர்க்கரையின் கணக்கு. ஆனால் சர்க்கரையும் கொழுப்பும் ஒரே வண்டியில் வரும் பயணிகள். ஒரு காலத்தில் பணக்கார நோய் என்று சொன்னது, பூங்கா இல்லாத தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, பெரியவர்களில் 24 சதவீதம் பேருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்கிறது. நாலில் ஒருவர். நம் பழைய மாணவர் குழுவில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மோகன் குழுவினரின் இன்னொரு ஆய்வு 26,001 சென்னைவாசிகளைக் கொண்டு 2001-இல் தொடங்கியது. அதில் உணவை ஆராய்ந்தபோது, நம் சக்தியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதாவது வெள்ளை அரிசியிலிருந்து வருவது தெரிந்தது. அரிசி அதிகமானவர்களிடம் டிரைகிளிசரைடு கூடுதல், நல்ல கொலஸ்ட்ரால் குறைவு. எண்ணெயைக் குறைத்துவிட்டு மூன்று முறை சாதம் போட்டுக்கொண்டால் கணக்கு சரியாகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

6. பூஞ்சையிலிருந்து வந்த மாத்திரை

இனி மாத்திரையின் வரலாறு. இது தோல்வியில் தொடங்குகிறது. 1960-இல் அமெரிக்காவில் டிரைபரனால் என்ற கொலஸ்ட்ரால் மருந்து விற்பனைக்கு வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்புரை வந்தது, முடி உதிர்ந்தது. 1962-இல் திரும்பப் பெற்றார்கள். மருந்தைக் கண்டு மக்கள் பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஜப்பானில் அகிரா எண்டோ என்று ஒருவர். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலிருந்தே காளான், பூஞ்சை என்றால் ஆர்வம். பூஞ்சையிலிருந்து பெனிசிலின் கிடைத்தது போல, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளும் எதிலாவது இருக்கும் என்று 1971-இல் தேடத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் சுமார் 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்தார். கடைசியில் கிடைத்தது எங்கே? கியோட்டோ நகரத்து அரிசிக் கடையிலிருந்து எடுத்த மாதிரியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சையில்!

எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொலஸ்ட்ரால் குறையவில்லை. அதோடு மூட்டை கட்டியிருப்பார்கள். முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று எண்டோவும் இன்னொரு விஞ்ஞானியும் முயன்றார்கள். பாதியாகக் குறைந்தது. 1978-இல் பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு ஒசாகாவில் அந்த மருந்து கொடுக்கப்பட்டது. ஆனால் 1980-இல் அவருடைய கம்பெனி ஆராய்ச்சியை நிறுத்திவிட்டது. அமெரிக்கக் கம்பெனி ஒன்று வேறொரு பூஞ்சையிலிருந்து இதே வகை மருந்தை எடுத்து, 1987-இல் அனுமதி பெற்றது. அதுதான் லோவாஸ்டாட்டின். நீங்கள் சாப்பிடும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எல்லாம் அதன் தம்பிகள். எண்டோ 2024-இல் 90 வயதில் மறைந்தார்.

இது எப்படி வேலை செய்கிறது? பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் கண்டுபிடித்து, 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கல்லீரல் செல்லின் மேல் ரத்தத்தில் போகும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் உண்டு. ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலின் சொந்த உற்பத்தியைக் குறைக்கும். உள்ளே தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் கொக்கிகளை அதிகமாக்கி ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். சிலருக்குப் பிறவியிலேயே இந்தக் கொக்கிகள் குறைவு. 250 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும். அவர்கள் எவ்வளவு பத்தியம் இருந்தாலும் போதாது. வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ ஐம்பது வயதுக்குள் மாரடைப்பில் போயிருந்தால், பிள்ளைகள் இளமையிலேயே ரத்தம் பார்ப்பது அவசியம்.

எண் குறைவது சரி, உயிர் காக்குமா? அந்தக் கேள்வியை 1994 வரை பலர் கேட்டார்கள். வடக்கு ஐரோப்பிய நாடுகளில் இதய நோயுள்ள 4,444 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஐந்து ஆண்டுக்கு மேல் ஆனபோது, வெறும் மாத்திரைப் பக்கம் 256 பேர் இறந்திருந்தார்கள். மருந்துப் பக்கம் 182 பேர். 74 குடும்பங்களின் வித்தியாசம்.

7. நம் நாட்டு மருந்தைச் சோதித்த கதை

"இங்கிலீஷ் மருந்தை மட்டும் புகழ்றீங்களே" என்று மாமா கேட்பார், தெரியும். 1966-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்தியவதி என்ற ஆராய்ச்சியாளர், சுசுருத சம்ஹிதையில் கொழுப்பு மிகுவதால் வரும் நோயைப் பற்றிச் சொல்லியிருப்பதை எடுத்துக்கொண்டு, அதற்குச் சொல்லப்பட்ட குக்குலு என்ற மரப்பிசினை முயல்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். நல்ல பலன் தெரிந்தது. 1980-களில் அது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. சத்தியவதி பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் பெண் தலைமை இயக்குநரானார்.

2003-இல் அமெரிக்காவில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்து, வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. இதில் சத்தியவதிக்கு எந்த அவமானமும் இல்லை. பழைய நூலில் இருப்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். நம் மருந்தோ, வெளிநாட்டு மருந்தோ, தராசு ஒன்றுதான். டிரைபரனாலும் அதே தராசில்தான் விழுந்தது.

8. பயத்தின் விலை

போன வருடம் உங்கள் குழுவிலேயே ஒரு கண்ணீர் அஞ்சலிப் படம் போட்டோம். வயது நாற்பத்தாறு. வகுப்பில் கடைசி பெஞ்சு, ஆனால் வருகைப்பதிவில் ஒரு நாள்கூடத் தவறாதவன். துக்கத்துக்குப் போனபோது அவன் மனைவி ஒரு கவரைக் காட்டினாள். பிரிக்காத மாத்திரை அட்டைகள், நான்கு மாதத்துக்கானவை. "கல்லீரல் கெட்டுடும்னு யாரோ அனுப்பினாங்களாம் டீச்சர், நிறுத்திட்டார்" என்றாள். அதனால்தான் போனான் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு அந்த அறிவு கிடையாது. ஆனால் அந்த ஃபார்வர்டு நம் குழுவிலும் வந்தது. அதன் கீழே பதினேழு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

மாத்திரைக்குப் பக்கவிளைவு இல்லையா? உண்டு. சிலருக்குத் தசைவலி வரும், சிலருக்குக் கல்லீரல் எண்கள் ஏறும், சர்க்கரை எல்லையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடலாம். டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், மருந்தை மாற்றுவார். 2020-இல் இங்கிலாந்தில் ஓர் அழகான சோதனை நடந்தது. வலி தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு, சில மாதம் மருந்து, சில மாதம் வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டபோது வந்த தொந்தரவில் 90 சதவீதம், வெறும் மாத்திரையிலும் வந்தது! வலி பொய்யில்லை. ஆனால் அதைக் கொண்டுவந்தது பெரும்பாலும் பயம்.

"அமெரிக்காவே கொலஸ்ட்ரால் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது" என்ற ஃபார்வர்டில் பாதி உண்மை. 2015-இல் அவர்கள் எடுத்தது, உணவில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற எல்லையை. நிறைவுற்ற கொழுப்பு, மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற எல்லையை எடுக்கவில்லை. ரத்தத்தில் ஏறும் எல்.டி.எல். ஆபத்து என்பதையும் மாற்றவில்லை. பாதி உண்மையை நம்பி முழுசாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

9. கரும்பலகையில் எழுதிப் போடுவது

உணவு: தலைக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்பது உணவியலார் சொல்லும் எளிய கணக்கு. சாதத்தைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், கீரை, காயைக் கூட்டுங்கள். அவரை, வெண்டை, கொத்தவரை நல்லவை. கரையும் நார்ச்சத்து பித்தத்தோடு கொலஸ்ட்ராலையும் பிடித்து வெளியே கொண்டுபோகும். கவனமான உணவால் எல்.டி.எல். 10 முதல் 15 சதவீதம்வரை குறையலாம்.

நடை: வாரம் 150 நிமிடம். நடை எல்.டி.எல்.லை அதிகம் குறைக்காது. டிரைகிளிசரைடு, ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை எல்லாவற்றுக்கும் நல்லது. "தினம் நடக்கிறேனே, ஏன் எல்.டி.எல். இறங்கலை?" என்று மனம் சோராதீர்கள். அரசே 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்திருக்கிறது. எட்டு வேண்டாம், மூன்றில் தொடங்குங்கள்.

மாத்திரை: அளவைப் பொறுத்து எல்.டி.எல்.லை 30 முதல் 50 சதவீதம்வரை குறைக்கும். எல்லாருக்கும் தேவைப்படாது. ஏற்கெனவே மாரடைப்பு, ஸ்டென்ட், சர்க்கரை, பரம்பரைக் காரணம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படும். 2024-இல் இந்திய இதயவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாதாரணமானவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குள், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 70-க்குள், மிக அதிகமுள்ளவர்களுக்கு 55-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அறிக்கையில் அச்சிட்டிருக்கும் "நார்மல்" எல்லாருக்கும் ஒன்றல்ல. 18 வயதிலேயே ஒருமுறை பார்த்துவிடச் சொல்கிறார்கள். உங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

செலவுக்குப் பயப்படாதீர்கள். ஒரு காலத்தில் விலை அதிகமாக இருந்த மருந்து, காப்புரிமை முடிந்தபின் எல்லாக் கம்பெனிகளும் தயாரிப்பதால் மலிந்துவிட்டது. மக்கள் மருந்தகங்களிலும் கிடைக்கும். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள். இரண்டு ஆஸ்பிரின், நான்கு குளோபிடோக்ரல், எட்டு அட்டோர்வாஸ்டாட்டின். கியோட்டோ அரிசிக் கடைப் பூஞ்சையில் தொடங்கிய தேடல், நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய அலமாரிவரை வந்து சேர்ந்திருக்கிறது. நெஞ்சு அழுத்தம், இடது கை வலி, காரணமில்லாத வியர்வை என்றால் "வாயுதான்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுப்பாடம் இரண்டு. ஒன்று, நாற்பதைத் தாண்டியும் இதுவரை ரத்தம் பார்க்காதவர்கள் இந்த மாதம் பாருங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தியவர்கள் இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, ஏன் நிறுத்தினோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு, உங்கள் தெருவில் வயதானவர்களும் பெண்களும் பயமில்லாமல் நடக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து கவுன்சிலரிடம் மனுக் கொடுங்கள். திருமங்கலத்துக்காரர்கள் செய்ததை ஆவடிக்காரர்களும் செய்யலாம். மனு எழுதத் தெரியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். பிழை இல்லாமல் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

செய்து முடித்தவர்கள் கீழே "முடித்தேன் டீச்சர்" என்று போடுங்கள். எண்களைப் பொதுவில் போட வேண்டாம், அது உங்களுக்கும் டாக்டருக்கும் இடையில் இருக்கட்டும்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்